கர்ப்பப்பை வாய் புற்றுநோயும் திண்டுக்கல் பெண்களும்

1/ புற்றுநோய் பரிசோதனைன்னாலே பெரிய லேப், பெரிய செலவுன்னு நினைக்கிறோம். ஆனா ஒரு நர்ஸும் நீர்த்த அசிட்டிக் அமிலமும் இருந்தா கர்ப்பப்பை வாய் புற்றுநோய் சாவுகளைக் குறைக்கலாம்னு உலகத்துக்கே காட்டியது நம்ம திண்டுக்கல் மாவட்டம். அந்தக் கதைதான் இந்த #திரெட்

2/ இந்த நோய்க்குக் காரணம் எச்.பி.வி. வைரஸ். ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹவுசன் குழு 1983-ல் இந்தப் புற்றுநோய்க்குள் எச்.பி.வி. 16 வகையைக் கண்டுபிடித்தது. 2008-ல் அவருக்கு நோபல் பரிசு.

3/ தாம்பத்திய உறவில் பரவும் மிகச் சாதாரண வைரஸ் இது. யாரோட ஒழுக்கத்தையும் சந்தேகப்பட இதுல ஒண்ணுமில்லை. பெரும்பாலும் ஓரிரு வருஷத்தில் உடம்பே விரட்டிடும். சிலருக்கு மட்டும் தங்கிடும். அது புற்றுநோயா மாற பொதுவா 15-20 வருஷம் ஆகும். நமக்குக் கிடைக்கிற அவகாசம் அதுதான்.

4/ மேலை நாடுகள் 'பாப் ஸ்மியர்' மூலம் நோயைக் குறைத்தன. ஆனா அதுக்கு லேப், பயிற்சி பெற்ற கண்கள், ரிசல்ட் வந்ததும் மறுபடி அழைப்பது எல்லாம் வேணும். ஒருநாள் கூலியை விட்டுட்டு வர்ற பெண் மறுபடி வருவாரா?

5/ மாற்று வழி 'வயா' பரிசோதனை. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிஷம் காத்திருக்கணும். மாறத் தொடங்கிய செல்களில் புரதம் அதிகம். அமிலம் பட்டதும் அந்த இடம் வெள்ளையாத் தெரியும். (பயிற்சி பெற்றவங்க செய்யணும். வீட்டு வினிகரில் முயற்சி வேண்டாம்!)

6/ இது நிஜமாவே உயிரைக் காப்பாத்துமா? பிரான்ஸின் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் டாக்டர் ரெங்கசாமி சங்கரநாராயணன் குழு, அம்பிளிக்கை மருத்துவ மையத்தோடு சேர்ந்து களமிறங்கியது. 2000-03-ல் 30 முதல் 59 வயது வரையிலான 31,343 பெண்களுக்கு ஒரே ஒரு முறை பரிசோதனை. தேவைப்பட்டவர்களுக்கு, அதே வருகையிலேயே நர்ஸ்களே உறையவைக்கும் சிகிச்சையும் கொடுத்தாங்க.

7/ 2007-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில், மற்ற ஊர்களை விட நோய் 25% குறைவு, இறப்பு 35% குறைவு. இத்தனைக்கும் அழைக்கப்பட்டவர்களில் 64% பேர்தான் வந்தாங்க!

8/ இன்னிக்கு உலக சுகாதார நிறுவனம் எச்.பி.வி. டெஸ்ட்டையே முதலில் பரிந்துரைக்குது. அது இல்லாத இடத்தில் வயா இன்னும் கைகொடுக்கும்.

9/ நீங்க செய்ய வேண்டியது:
✅ 9-14 வயதுப் பெண் குழந்தைகளுக்குத் தடுப்பூசி
✅ 30 வயசு தாண்டினா, தொந்தரவே இல்லைன்னாலும் பரிசோதனை. தடுப்பூசி போட்டவங்களுக்கும்தான்
✅ உறவுக்குப் பின் ரத்தம், மாதவிடாய் நின்ன பிறகு ரத்தம், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் இருந்தா உடனே டாக்டர்

10/ "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, எதுக்கு டெஸ்ட்?" இதைத்தான் புறநோயாளி பிரிவில் அதிகம் கேட்கிறேன். ஒண்ணும் இல்லாதப்போ வர்றதுக்குத்தாங்க இந்த டெஸ்ட். அம்மா, அக்கா, மனைவி, வீட்டு வேலைக்கு வர்ற அம்மா, எல்லாருக்கும் சொல்லுங்க. முடிஞ்சா கூடவே கூட்டிட்டுப் போங்க 🙏