பட்டினி கிடந்தால் வயது குறையுமா? செல்லுக்குள் நடக்கும் ‘ரீசைக்கிளிங்’ பற்றி தெரிஞ்சுக்கோங்க!

பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் சர்க்கரை ஆலை இருக்கிறது. அந்தப் பக்கத்து ஆட்களுக்கு இது சுலபமாகப் புரியும். சாறு பிழிந்த சக்கையை சர்க்கரை ஆலைகள் வீணாக்குவதில்லை. பாய்லரில் எரித்து, அந்த நீராவியிலேயே ஆலையை ஓட்டுகிறார்கள். நம் உடம்பு செல்லும் கிட்டத்தட்ட இப்படித்தான். அதன் பெயர் ‘ஆட்டோஃபேஜி’, அதாவது தன்னைத்தானே தின்னுதல்.

கெட்டுப்போன புரதம், பழுதான மைட்டோகாண்ட்ரியா போன்றவற்றை செல்லுக்குள் ஒரு சவ்வுப் பை சுற்றி வளைக்கும். அந்தப் பை லைசோசோமுடன் சேர்ந்ததும், உள்ளே இருப்பதை நொதிகள் உடைத்துவிடும். கிடைக்கும் அமினோ அமிலங்களை வைத்து செல் புதுப் புரதம் செய்துகொள்ளும். இதற்கான ஜீன்களை 1990-களில் ஈஸ்டில் கண்டறிந்த ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. ஆமாம், பேக்கரியில் மாவை உப்ப வைக்கும் அதே ஈஸ்ட்தான்!

வயசாக ஆக இந்த வேலை மந்தமாகி, குப்பை தேங்குகிறது. தோல், குடல் செல்கள் அடிக்கடி புதுசாகிவிடும். மூளையின் நரம்பு செல்கள் பெரும்பாலும் ஆயுள் முழுக்க அதேதான் என்பதால் சிக்கல் அங்கே அதிகம். 2006-ல் எலிகளின் மூளையில் இந்த ஜீன்களை நீக்கிப் பார்த்தபோது நரம்பு செல்கள் சிதைந்தன.

அப்போ பட்டினி?

சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும்போது ‘எம்டார்’ என்ற புரதம் ஆட்டோஃபேஜிக்கு பிரேக் போடும். சாப்பாடு குறைந்தால் பிரேக் தளரும். இதுவரைக்கும் உண்மை. எம்டாரை அடக்கும் ராபமைசின் மருந்து, 2009-ல் வெளியான ஆய்வில் வயதான எலிகளின் ஆயுளைக் கூட்டியது. ஆனால் அது உறுப்பு மாற்று சிகிச்சை செய்தவர்களுக்கு எதிர்ப்பு சக்தியை அடக்கக் கொடுக்கும் மருந்து. கடையில் வாங்கிப் போடும் சமாச்சாரம் இல்லை. சிதம்பரத்தில் பிறந்த நோபல் விஞ்ஞானி வெங்கி ராமகிருஷ்ணனும், முதுமை பற்றி 2024-ல் வெளியிட்ட ‘ஒய் வி டை’ நூலில் இதுபோன்ற ஆராய்ச்சிகளை எச்சரிக்கையோடுதான் அலசுகிறார்.

‘72 மணி நேரம் சாப்பிடாம இருந்தா கேன்சரே போயிடும்’ என்பதெல்லாம் நிரூபிக்கப்படாதது. ஏற்கெனவே வளர்ந்த கட்டி, தான் பிழைக்கவே ஆட்டோஃபேஜியைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அதைத் தடுக்கும் மருந்துகளைத்தான் புற்றுநோய் ஆய்வுகளில் சோதிக்கிறார்கள்.

சுகருக்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் பட்டினி இருந்தால் ரத்த சர்க்கரை சட்டென இறங்கி மயக்கம் வரலாம். விரதம் இருந்தே ஆகணும் என்றால் முதல் நாளே டாக்டரிடம் கேட்டு டோஸை மாற்றிக்கொள்ள வேண்டும். நடுவில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் விரதத்தை விட்டுவிட்டு உடனே சர்க்கரைத் தண்ணீர் குடிக்கணும்.