ஒட்டும் சோறு, ஒட்டாத சோறு

சூஷி என்றால் பச்சை மீன் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சொல்லுக்கும் மீனுக்கும் நேரடிச் சம்பந்தமில்லை. அதன் வேரில் இருப்பது 'புளிப்பு'. புளிப்பேற்றிய சோறுதான் சூஷி. அதன்மேல் மீன் வரலாம், முட்டை வரலாம், வெறும் வெள்ளரிக்காய்த் துண்டும் வரலாம். கடற்பாசித் தாளில் வைத்துச் சுருட்டினால் 'மாக்கி'. இன்று சென்னையிலும் பெங்களூரிலும் நாகரிகத்தின் அடையாளமாக விற்கப்படுவது இந்தச் சுருள்தான்.

இந்தப் புளிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. பழைய சூஷியில் சோறு உணவே அல்ல. மீனை உப்பிட்டு, வெந்த சோற்றுக்குள் புதைத்து, கல்லேற்றி மாதக்கணக்கில் வைத்துவிடுவார்கள். சோறு புளிக்கும். அந்தப் புளிப்பு மீனைக் கெடாமல் காக்கும். பிறகு மீனைத் தின்றுவிட்டுச் சோற்றை எறிந்துவிடுவார்கள். பிவா ஏரிக் கரையில் 'ஃபுனா சூஷி' என்ற பெயரில் இந்த முறை இன்றும் உயிரோடு இருக்கிறது. இது ஜப்பானில் பிறந்ததும் அல்ல, நெல்லும் ஆற்றுமீனும் சேர்ந்து கிடைக்கும் தென்கிழக்கு ஆசிய நிலங்களிலிருந்து போனது என்பதே ஆய்வாளர்கள் பலரின் கருத்து. 8ஆம் நூற்றாண்டு ஜப்பானியச் சட்டத் தொகுப்பில் சூஷி வரிப்பொருளாக வருகிறது. அதாவது நமக்குக் கிடைக்கும் முதல் சாட்சியங்களிலேயே அது அரசுக்குக் கட்டவேண்டிய கடன். ருசி பற்றிய பேச்சு ரொம்பப் பின்னால்தான்.

சோற்றை எறிய மனம் வராதவர்கள் புளிப்பு முற்றும் முன்பே மீனோடு சேர்த்துத் தின்னத் தொடங்கினார்கள். எடோ காலத்தில் இன்னொரு திருப்பம். காடியை (அதுவும் அரிசியிலிருந்து வந்ததுதான்) நேராகச் சோற்றில் ஊற்றிவிட்டால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். 1820களில் எடோ நகரத் தெருக்கடைகளில் கையால் பிடித்த சோற்றுக் கவளத்தின்மேல் மீனை வைத்து நின்றபடியே தின்றுவிட்டுப் போனார்கள். இன்றைய டோக்கியோதான் அந்த எடோ. நொதித்தலின் காலத்தை நகரத்தின் அவசரம் விலைக்கு வாங்கிவிட்டது என்று சொல்லலாம்.

இதைப் படிக்கும்போது எனக்கு நம்மிடம் உள்ள இரண்டு புளிப்புச் சோறுகள்தான் நினைவில் ஓடின. ஒன்று பழைய சோறு. இரவெல்லாம் தண்ணீரில் கிடந்து தானே புளிப்பது, கருவாட்டோடு சேர்வது, வயலுக்குப் போகிறவர்களின் காலை உணவு. மற்றது புளியோதரை. புளியைக் கரைத்துக் காய்ச்சி வெளியிலிருந்து ஏற்றிய புளிப்பு அது. கோயிலில் பிரசாதம், பயணத்தில் கட்டுச்சோறு. ஜப்பானில் முதலாவது இரண்டாவதாக மாறியது. இங்கே இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும், எந்தப் புளிப்பை யார் தின்பது என்பது சாதியால் பிரிந்து கிடந்தது. வேடிக்கை என்னவென்றால், புளியமரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்கிறார்கள் தாவரவியலார். அரபிகள் அதற்கு 'இந்தியப் பேரீச்சை' என்று பெயர் வைத்தார்கள். வெளியிலிருந்து வந்த புளி சன்னதிக்குள் போய்விட்டது, தானே புளித்த சோறு வாசலுக்கு வெளியே நின்றது.

கட்டுச்சோறு என்பது வெறும் வசதி இல்லை. வழியில் யார் கையாலும் வாங்கித் தின்னாமல் இருப்பதற்கான ஏற்பாடும்கூட. ரயில் வந்தபோது இந்த ஏற்பாட்டுக்கு நெருக்கடி வந்தது. திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த தென்னிந்திய ரயில்வே, நிலைய உணவுவிடுதிகளில் 'பிராமணாள்', 'இதராள்' என்று இடம் பிரித்துக் கொடுத்து அந்த நெருக்கடியைத் தீர்த்துவைத்தது. பெரியாரும் அவர் இயக்கத்தாரும் தொடர்ந்து போராடி 1941இல்தான் அந்தப் பிரிவினை எடுக்கப்பட்டது. 2012இல் ஸ்ரீரங்கத்தில் ஓர் உணவகப் பெயர்ப்பலகையில் அதே சொல் திரும்ப முளைத்தபோது மறுபடி போராட வேண்டியிருந்தது. ஆக, இந்த ஊரில் 'வெளிநாட்டுச் சாப்பாடு' என்று பேசுகிறவர்களிடம் எந்த வெளி, எந்த நாடு என்று கேட்கத் தோன்றுகிறது.

ரங்கநாதர் கோயிலுக்குள்ளேயே துலுக்க நாச்சியாருக்கு இடமுண்டு. டெல்லி சுல்தானின் மகள் அரங்கன்மேல் காதல்கொண்டு வந்தாள் என்பது கதை. அவள் பொருட்டு அரங்கனுக்கு ரொட்டியும் வெண்ணெயும் படைக்கிறார்கள், கைலி உடுத்துகிறார்கள். 1323 படையெடுப்பில் வெளியேறிய உற்சவ மூர்த்தி 1371இல்தான் திரும்பிவந்தது. அந்த அரை நூற்றாண்டின் காயம் ஒரு காதல் கதையாகவும் ஒரு ரொட்டியாகவும் செரிக்கப்பட்டிருக்கிறது. மற்றமையை உள்வாங்கிய பெருந்தன்மை என்று இதைக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. அவள் அரங்கனோடு கலந்து மறைந்தபின்தான் ரொட்டி உள்ளே வந்தது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

சரி, சுருளுக்கு வருவோம். அடையவளஞ்சான் வீதியில் எங்கள் வீட்டில் அக்கா மகள் செய்ய ஆரம்பித்தாள். நான் வேடிக்கை பார்த்தேன், பிறகு கைவைத்தேன். முறை கடினமில்லை. அரிசியை நீர் தெளியும்வரை களைந்து, அரைமணி ஊறவைத்து, ஒன்றுக்கு ஒன்றும் கொஞ்சமும் என்று தண்ணீர் வைத்து, மூடி வேகவிட்டு, திறக்காமல் பத்து நிமிஷம் புழுங்க விடவேண்டும். இரண்டு கப் அரிசிக்குக் கால் கப் வினிகர், இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி உப்பு. சூடான சோற்றில் ஊற்றி, கிண்டாமல், கரண்டியால் வெட்டி வெட்டிப் புரட்ட வேண்டும். விசிறிக்கொண்டே ஆறவிட வேண்டும். தாளின் சொரசொரப்பான பக்கம் மேலே. ஈரக்கையால் சோற்றை மெல்லிசாகப் பரப்பி, எதிர் ஓரத்தில் ஓர் அங்குலம் விட்டு, நடுவே வெள்ளரி, கேரட் வைத்து மூங்கில் பாயோடு சுருட்டி இறுக்கி, ஈரக்கத்தியால் அறுக்கலாம். கை முழுக்கச் சோறு. 'பத்து' பார்க்கிற வீடுகளில், அதாவது வெந்த சோற்றைத் தொட்ட கை இன்னொன்றைத் தொடக்கூடாது என்கிற வீடுகளில், இந்தச் சமையலே ஒரு கலகம்தான்.

பொன்னிப் புழுங்கலில் செய்தோம். "மாமா, ஒட்டவே மாட்டேங்குது" என்றாள். அறுத்தவுடன் உதிர்ந்துபோனது. காரணம் எளிது. அரிசி மாவுப்பொருளில் அமைலோஸ் கூடினால் சோறு உதிரும், குறைந்தால் ஒட்டும். புழுக்கியெடுத்த அரிசி இன்னும் உதிரும். புதுப் பச்சரிசியோடு கொஞ்சம் கவுனி அரிசி கலந்து குழைய வடித்தபோது நின்றது. செட்டிநாட்டில் புழங்கும் அந்தக் கவுனியும் பர்மாவிலிருந்து வந்தது என்பார்கள்.

ஆனால் ஒட்டாமை ஏன் நமக்கு உயர்வு? 'உதிர் உதிரா இருக்கணும்' என்பது நம் பந்திகளின் அளவுகோல். பழைய அரிசி உதிரும், விலை கூடுதல். புது அரிசி குழையும். ஒரு வருஷம் நெல்லைக் கட்டிவைக்க யாரிடம் குதிர் இருந்ததோ அவருடைய ருசி பொது ருசியாகிவிட்டது. அறுத்தவுடன் கூலிநெல்லைக் குத்திக் காய்ச்சியவர்களுக்கு ஒட்டும் சோறுதான் வாய்த்தது.

ஜப்பானில் இது தலைகீழ். 1993 கோடை குளிர்ந்துபோய் விளைச்சல் பொய்த்தது. தாய்லாந்திலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் அரிசி இறக்கினார்கள். நீளமாய், உதிரியாய், வேறு வாசனையோடு இருந்த தாய் அரிசியை மக்கள் வெறுத்தார்கள், பலர் வீசியெறிந்தார்கள். அதே 1993இல்தான் ஏமிகோ ஓனுகி-டியர்னியின் நூல் வந்தது. குட்டை அரிசி எப்படி ஜப்பானியத் 'தன்னிலை'யாகக் கட்டப்பட்டது என்று அவர் காட்டுகிறார். ரொலாண் பார்த் 1970இல் ஜப்பானியச் சாப்பாட்டை மையமற்ற குறிகளின் விளையாட்டாக வாசித்துப் பரவசப்பட்டார். அழகான வாசிப்புதான். அந்த அரிசி எந்த வயலிலிருந்து வந்தது என்ற கேள்வி மட்டும் அதில் இல்லை.

வந்த வழி இது. 1918இல் அரிசி விலை ஏறியபோது டோயாமா கடற்கரையில் மீனவப் பெண்கள் அரிசி கப்பலேறுவதைத் தடுத்தார்கள். கலவரம் நாடெங்கும் பரவி மந்திரிசபை கவிழ்ந்தது. பிறகு காலனிகளிலிருந்து அரிசி கொண்டுவருவது அரசின் கொள்கையாயிற்று. 1895 முதல் ஜப்பானின் பிடியிலிருந்த தைவானில், ஜப்பானியர் நாக்குக்கு ஏற்ற குட்டை ரகங்களை அந்த வெப்ப மண்ணுக்குப் பழக்கினார்கள். 1926இல் அவற்றுக்கு 'ஹோராய்' என்று பெயர் வைத்தார்கள். அவற்றில் புகழ்பெற்றது தைச்சுங் 65. விளைந்த அரிசி கப்பலேறியது. விளைவித்தவர்கள் சர்க்கரைவள்ளிக் கிழங்கை நம்பியிருந்தார்கள்.

இந்தத் தைச்சுங் 65தான் நம் பொன்னியின் பாட்டி. 1950களில் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் முயற்சியில், கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தை மையமாக வைத்து, ஜப்பானிகா ரகங்களையும் இண்டிகா ரகங்களையும் கலப்பு செய்தார்கள். தைச்சுங் 65ஐ மலேயாவின் மாயாங் எபோஸ் 80உடன் சேர்த்ததில் மாசூரி பிறந்து, 1965இல் மலேசியாவில் வெளியானது. அதுவே இங்கு வந்து காவிரியின் பெயரைச் சூட்டிக்கொண்டு பொன்னி ஆயிற்று. 1986இல் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதன் மேம்பட்ட வெள்ளைப் பொன்னியை வெளியிட்டது. நம் கையில் உதிர்ந்த அந்தச் சோற்றின் வம்சத்தில் சூஷி அரிசி இருந்திருக்கிறது. 'நம்ம மண்ணின் அரிசி' என்று பொன்னியைச் சொல்கிறவரிடம் சண்டைபோட எனக்கு விருப்பமில்லை. நாற்பது ஐம்பது வருஷம் ஒரு மண்ணில் உழைத்துவிட்டால் அது நம்ம அரிசிதான். மனிதர்களுக்கும் இந்தக் கணக்கைப் போட்டால் என்ன?

ஆடுதுறை 27 என்ற ரகமும் 1965இல் வந்தது. நோரின் 10 என்ற ஜப்பானிய நெல்லையும், கிச்சடிச் சம்பா என்று நாம் அறிந்த ஜி.இ.பி. 24ஐயும் கலந்தது. குறுகிய காலத்தில் விளையும் குறுவை நெல். தஞ்சை டெல்டாவில் வேகமாகப் பரவியது. விளைச்சல் கூடியது, கூலி அந்த அளவுக்குக் கூடவில்லை. களத்தில் கூடுதல் அரைப்படி கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 தலித்துகள் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். புது நெல்தான் காரணம் என்று சொன்னால் அது கொலைகாரர்களுக்கு விடுதலை கொடுப்பது. சாதியும் நிலவுடைமையும் முன்பே அங்கே இருந்தன. ஆனால் பங்கு கேட்கும் அளவுக்குக் களத்தில் நெல் குவிந்ததில் இந்தக் கலப்பு விதைக்கும் இடமிருந்தது. வெண்மணி பற்றிய நம் பேச்சில் விதையின் வரலாறு அநேகமாக வருவதில்லை.

மிச்சமிருப்பது அந்தக் கருப்புத் தாள். நோரி குளிர்கடல் பாசி. காகிதம் செய்கிற முறையில் அதைத் தாளாக்கியது எடோ காலம். யுத்தத்துக்குப் பின் பாசி விளைச்சல் சரிந்தபோது, அது கோடையில் எங்கே ஒளிந்துகொள்கிறது என்பது யாருக்கும் தெரியவில்லை. 1949இல் கேத்லீன் ட்ரூ என்ற ஆங்கிலேயப் பெண் கண்டுபிடித்தார். கோடையில் அது கிளிஞ்சல் ஓட்டுக்குள் வேறு உருவில் வாழ்கிறது. நோரி வளர்ப்பு மீண்டது அந்தக் கண்டுபிடிப்பால். திருமணமானவர் என்பதால் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் அவருக்குச் சம்பள வேலை தர மறுத்திருந்தது. 1957இல் இறந்தார், ஜப்பானைப் பார்த்ததே இல்லை. 1963இல் ஊட்டோ நகரில் பாசி வளர்ப்பவர்கள் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள்.

நம் கடலில் நோரி இல்லை. மன்னார் வளைகுடாவில் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை உண்டு. ராமநாதபுரம் கரையோரப் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கிப் பறிக்கிறார்கள். ஐஸ்கிரீமுக்கும் மருந்துக்கும் சாயத்துக்கும் அந்தப் பாசியின் பசை போகிறது. 1986இல் 21 தீவுகளையும் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அதன்பின் தாயும் பாட்டியும் பறித்த இடத்தில் இவர்கள் அத்துமீறுகிறவர்கள் ஆனார்கள். 2000க்குப் பிறகு பெப்சிகோ கம்பெனி ஒப்பந்த முறையில் கப்பாஃபைகஸ் என்ற அயல்பாசியை அதே கரையில் வளர்க்க வைத்தது. குருசடைத் தீவருகே அது பவளப்பாறைகளின்மேல் படர்ந்ததை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். கடலைக் கெடுக்கிறார்கள் என்று படகும் பாசியும் பறிமுதலானது கையால் பறிக்கிற பெண்களிடம்தான்.