மருந்து வணிகமும் வன்னிக் கரையும்

மன்னாரிலிருந்து பூநகரியை நோக்கி வடக்கே செல்லும் வீதியில், விடத்தல்தீவையும் இலுப்பைக்கடவையையும் கடந்து, மன்னார் மாவட்டம் முடிந்து கிளிநொச்சி மாவட்டம் தொடங்கும் எல்லையோரத்தில், ஒருபுறம் தேவன்பிட்டி மீனவரின் கரையும் மறுபுறம் துணுக்காய்க்குப் போகும் காட்டுவழியும் அமைய, வெள்ளாங்குளம் என்னும் சிற்றூர் இருக்கிறது. உலக மருந்து வணிகத்தின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் இவ்வூரைக் குறிப்பிடப் போவதில்லை. குறிப்பிட வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. ஆயினும், அந்நிய தேசத்து மருந்து நிறுவனமொன்று புதிய நாடொன்றில் கால்வைக்கும்போது எதுவரை வருகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதை அறிய விரும்புகிறவனுக்கு, பாசலிலும் ஆம்ஸ்டர்டாமிலும் உள்ள கணக்குப் புத்தகங்களைக் காட்டிலும் இத்தகைய ஊரொன்றின் காய்ச்சல் அதிகம் சொல்லித் தரும்.

இவ்வூர் அடங்கிய வன்னியில் ஐப்பசி கார்த்திகையில் பெய்யத் தொடங்கும் மழை தை மாசியில் ஓயும்போது, பாலியாறும் பறங்கியாறும் ஓட்டம் தளர்ந்து, மணற்படுகையில் குட்டை குட்டையாகத் தேங்கிவிடும். வெயில் பட்ட அந்தத் தெளிந்த நீரிலே அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்னும் நுளம்பு முட்டையிடும். பிறகு ஊரார் குலைப்பன் என்று சொல்லும் மலேரியாக் காய்ச்சல் வரும். பட்டப்பகலில் இரண்டு போர்வைக்குள்ளும் பற்கள் கிட்டிக்க நடுங்கியவன், மாலையில் வியர்த்து எழுந்து, மறுநாள் வயலுக்குப் போய், அதற்கடுத்த நாள் மீண்டும் பாயில் விழுவான். குழந்தைகளின் வயிறு மண்ணீரல் வீக்கத்தால் உப்பியிருக்கும். பரியாரியாரின் நிலவேம்புக் குடிநீரும் பத்தியமும், கோயிலில் முடிந்து வைத்த காசும் நெடுங்காலம் இதற்குரிய சிகிச்சையாக இருந்தன.

மன்னார்க் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து 1658இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் கம்பனி மருந்து விற்க வந்ததன்று. இத்தீவின் மூலிகைகளை அறிந்து கொண்டுபோகவே அது ஆவல் கொண்டிருந்தது. அதன் வைத்தியராக 1672இல் வந்த பவுல் ஹெர்மன் சேகரித்த செடிகளை ஆதாரமாகக் கொண்டே லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய தமது நூலை வெளியிட்டார். மேல்நாட்டு மருந்து தமிழ்க் குடியானவனின் கையை அடைந்தது வணிகரால் அன்று, பாதிரிமாரால். 1819இன் இறுதியில் யாழ்ப்பாணம் வந்து பண்டத்தரிப்பில் வைத்தியம் செய்த ஜோன் ஸ்கடரும், 1847இல் வந்து மானிப்பாயை நிலையமாகக் கொண்ட சாமுவேல் பிஸ்க் கிறீனும் அமெரிக்க மிஷனின் ஊழியர்கள். கிறீன் ஐயர் மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே போதித்து, ‘இரண வைத்தியம்’ முதலான நூல்களைத் தமிழில் வெளியிட்டு, உள்ளூர் இளைஞர்களை வைத்தியர்களாக்கி, 1873இல் தாயகம் திரும்பினார். அவருடைய நோக்கத்தில் மதமாற்றமும் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும், மருந்தை அறிந்த ஆளைக் கிராமத்திலேயே உண்டாக்க வேண்டும் என்று அவர் கண்டது, அக்காலத்து எந்தக் கம்பனிக்கும் தோன்றாத விஷயம்.

இவ்விடத்தில் கொயினாவின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குலைப்பனுக்கு ஐரோப்பா அறிந்திருந்த ஒரே நிச்சயமான ஔஷதம் அதுதான். தென்னமெரிக்காவின் அண்டீஸ் மலைச்சாரலில் வளரும் சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கப்படும் அந்தக் கசப்பு, 1861இல் ஹக்கலைத் தோட்டத்தில் நாற்றாக வந்து சேர்ந்தது. கோப்பி கொழித்துக்கொண்டிருந்த வரையில் துரைமார் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை ஒவ்வொன்றாகத் தின்னத் தொடங்கியபோது, நட்டத்தை ஈடுசெய்யும் மார்க்கமாகச் சின்கோனாவை மலைகளெங்கும் நட்டார்கள். 1886ஆம் ஆண்டளவில் இலங்கையிலிருந்து கப்பலேறிய பட்டை ஒன்றரைக் கோடி இறாத்தலை எட்டியது. சந்தையில் பட்டை குவியவே விலை சரிந்தது. சார்ல்ஸ் லெட்ஜரிடமிருந்து 1865இல் ஒல்லாந்தர் வாங்கிய விதையில் முளைத்த ஜாவா மரங்களோ பன்மடங்கு சத்துள்ள பட்டையைத் தந்தன. தோட்டக்காரர் சின்கோனாவைப் பிடுங்கிவிட்டுத் தேயிலையை நட்டனர். இலங்கை மலையில் ஒன்றரைக் கோடி இறாத்தல் பட்டை உரிக்கப்பட்ட அந்த ஆண்டுகளில், அதே தீவின் வடமேற்குக் கரையில் குலைப்பனால் நடுங்கியவனுக்காக ஒரு பட்டறையும் எழவில்லை. பட்டை கடல்கடந்து போய், தூளாகித் திரும்பி வந்தால், காசுள்ளவன் வாங்கிக்கொள்ளலாம் என்பதே ஏற்பாடு.

காசு யாரிடம் இருந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. தமிழ்நாட்டிலிருந்து கூலிகளாக வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, தண்ணீரற்ற காட்டு வழியே மாத்தளை வரை நடந்தனர். கொலராவும் அம்மையும் காய்ச்சலும் வழிநெடுகிலும் அவர்களைக் கொண்டுபோயின. அவர்கள் கோப்பித் தோட்டத்தை அடைந்த பின்னரே 1872ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் பற்றிய சட்டம் அவர்களுக்கு மருந்து கிடைக்க வழிசெய்தது. உழைக்கும் உடலுக்குத் துரையின் கணக்கில் ஒரு விலை இருந்தது. அவ்வுடல் நடந்து வந்த கரைக்கு அவ்வாறு விலையிடுவார் இல்லை.

1913இல் ஆம்ஸ்டர்டாமில் கொயினாச் சங்கம் அமைந்து, ஜாவாத் தோட்டக்காரரும் ஐரோப்பிய உற்பத்தியாளரும் விலையைத் தம்முள் தீர்மானிக்கத் தொடங்கினர். உலகச் சின்கோனாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஜாவாவின் கையில் இருந்தது. இந்நிலையில்தான் 1934இன் பிற்பகுதியில் இலங்கையின் ஈரவலயத்தை மலேரியா தாக்கிற்று. மழை பொய்த்து மகா ஓயா முதலிய நதிகள் குட்டைகளாகச் சுருங்கிய கேகாலை, குருநாகல் பகுதிகளில், காய்ச்சலை எதிர்க்கும் பழக்கமற்ற ஜனங்கள் சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். அரசாங்கம் கொயினாவை இலவசமாகப் பகிர்ந்தது. காலனியாட்சியை எதிர்த்த சூரியமல் இயக்கத்து இளைஞர் பட்டினியால் வலுவிழந்தவர்களுக்கு மார்மைட்டை உருண்டையாக உருட்டிக் கொடுத்தார்கள். வன்னியில் அந்த ஆண்டும் காய்ச்சல் இருந்தது, அதற்கு முந்திய ஆண்டும் இருந்தது. ஆண்டுதோறும் வருவது செய்தியாகாது. கொழும்புக்கு அண்மையில் வந்தபோதே அது கொள்ளைநோயாயிற்று. அச்சூரியமல் இயக்கத்தைச் சார்ந்த டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவை மறுபடியும் சந்திப்போம்.

கம்பனிச் சரக்கு எதுவுமே கிராமத்தை அடையவில்லை என்று சொல்வது தவறு. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893இல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சனமும், இரங்கூனிலே பிறந்து சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்த புலிச்சின்னத் தைலமும் சின்னஞ்சிறு குப்பிகளில் எங்கும் சென்றன. மலாயாவில் உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்தார் பெட்டியிலும் அவை வந்தன. சில சதத்துக்கு அடங்கி, துண்டு எழுதித் தர டாக்டர் தேவைப்படாமல், தலையிடி முதல் தேட்கடி வரை சகலத்துக்கும் பூசக்கூடிய சரக்கே சந்தையின் கடைசி ஊரை எட்டுகிறது. மற்றவற்றுக்கு அரசாங்க டிஸ்பென்சரிதான். அங்கே அப்போதிக்கரி மருந்து கலந்து தருவார், போத்தல் நோயாளியுடையது. சாராயப் போத்தலோ எண்ணெய்ப் போத்தலோ, கழுவித் தக்கை செருகிக் கொண்டுபோனால், மிக்சரை ஊற்றி, ஓரத்தில் வேளைக்கு வேளை பல்வெட்டிய காகிதத் துண்டொன்றைப் பசையால் ஒட்டி, ஒவ்வொரு பல்லளவும் ஒருவேளை மருந்து என்று சொல்லி அனுப்புவார். எழுத்தறியாதவளுக்கும் அளவு தப்பாது. பெயர் பொறித்த பெட்டியும் வர்ணச் சீட்டும் இல்லாத அந்தப் போத்தலே கிராமம் கண்ட ஆங்கில வைத்தியம்.

சுவிற்சர்லாந்தின் பாசல் நகரத்துக் கைகி நிறுவனத்து இரசாயனியான பவுல் முல்லர் 1939இல் கண்டறிந்த டி.டி.ரி., யுத்தம் முடிந்தவுடன் இலங்கைக்கு வந்தது. தெளிப்புக்காரர் வருகிறார்கள் என்றால், பானை சட்டியும் பாயும் நெற்குற்றியும் முற்றத்துக்கு வந்துவிடும். தகரத் தாங்கியை முதுகில் சுமந்தவர்கள் மண்சுவரிலும் ஓலைக்கூரையின் உட்புறத்திலும் பீச்சிவிட்டுப் போவார்கள். காய்ந்தபின் சுவர் முழுவதும் வெண்சாம்பல் பூத்து நிற்கும். 1963இல் நாடு முழுவதிலும் பதினேழு மலேரியா நோயாளிகளே காணப்பட்டனர். வெற்றி கண்ட அரசு தெளிப்பை நிறுத்தியது. 1968–69இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் காய்ச்சலில் விழுந்தனர். நுளம்பு டி.டி.ரி.க்குப் பழகிப்போனதால், 1977இல் அதைவிட விலை கூடிய மாலத்தியன் அதன் இடத்துக்கு வந்தது. இங்கே வாங்குபவன் குடியானவனல்லன், அரசாங்கம். அரசாங்கம் வாடிக்கையாளராகும்போதுதான் பாசலின் பண்டமும் வெள்ளாங்குளம் போன்ற ஊரின் மண்சுவருக்கு வந்து சேருகிறது.

இந்த உண்மையைத் தலைகீழாகத் திருப்பிப் பயன்படுத்த முயன்றவர் சேனக பிபிலே. இலங்கையின் முதல் மருந்தியற் பேராசிரியரான அவர், ஒரே மருந்தைப் பத்துக் கம்பனிகள் பத்துப் பெயரில் பத்து விலையில் விற்பதையும், ஏழை நாட்டின் அந்நியச் செலாவணி அதில் கரைவதையும் கண்டு, முதலில் அரசாங்க வைத்தியசாலைகளுக்குரிய மருந்துப் பட்டியலைச் செம்மை செய்யும் பணியில் ஈடுபட்டார். 1971 மார்ச்சில் அவரும், முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்னே காய்ச்சற் காலத்தைக் கண்ட அதே விக்கிரமசிங்கவும், சேர்ந்து எழுதிய அறிக்கையின் பயனாக அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. பிபிலே அதன் முதல் தலைவர். தனியார் துறையில் புழங்கிய ஏறத்தாழ 2,100 மருந்துகள் 600 அளவுக்குக் குறைக்கப்பட்டன; உலகெங்கும் விலை கேட்டு, தரமறிந்து, மலிவான இடத்தில் மொத்தமாக வாங்குவது என்றாயிற்று.

கம்பனிகள் வாளாவிருக்கவில்லை. எழுபதுகளின் நடுவே நாட்டில் கொலரா பரவியபோது, கூட்டுத்தாபனம் ஹெக்ஸ்ட் நிறுவனத்திடமிருந்து தெற்றாசைக்கிளின் மூலப்பொருளை வாங்கி, இலங்கையிலே தொழிற்சாலை வைத்திருந்த பைசர் நிறுவனத்திடம் அதைக் குளிசையாக்கித் தரும்படி கேட்டது. இயந்திரங்கள் சும்மா இருந்தும் அது இணங்கவில்லை. குளிசைகளை விமானத்தில் கூடுதல் செலவோடு இறக்க வேண்டியதாயிற்று. தொழிற்சாலையைத் தேசியமயமாக்கலாமா என்ற பேச்சு எழுந்தபோது அமெரிக்கத் தூதுவர் பிரதமரிடம் தலையிட்டார், பேச்சு அடங்கியது. பிபிலேயும் பொருளியலாளர் சஞ்சய லாலும் எழுதிய கட்டுரையில் இது பதிவாகியிருக்கிறது. டாக்டர்களில் ஒருசாராரும் பிபிலேயை எதிர்த்தார்கள். மலிவு மருந்தின் தரம் குறித்து அவர்கள் எழுப்பிய ஐயம் முழுவதையும் கம்பனிப் பிரசாரம் என்று ஒதுக்குவது நியாயமன்று. ஒரே வாசலால் நாட்டின் மருந்தனைத்தும் நுழையும்போது, அந்த வாசலில் ஏற்படும் தாமதம் எல்லா ஊருக்கும் தட்டுப்பாடாகும் என்பதும் மெய். ஆனால், அதற்கு முந்திய நூறாண்டுகளில், வாங்க வலுவற்றவனின் பக்கமாக நின்று மருந்துக் கணக்கைப் பார்த்த ஏற்பாடு வேறொன்று எனக்குத் தெரியவில்லை. 1976இல் கொழும்பில் கூடிய அணிசேரா நாடுகளின் மாநாடு மருந்துத் துறையில் ஒத்துழைப்பதெனத் தீர்மானித்தது. 1977இல் உலக சுகாதார ஸ்தாபனம் அத்தியாவசிய மருந்துகளின் முதற்பட்டியலை வெளியிட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் பிபிலே கயானாவில் காலமானார். அவ்வாண்டே ஆட்சி மாறி, பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு, தனியார் இறக்குமதி மீண்டும் தழைத்தது.

பின்னர் வந்த அந்நியர் அயலவர். 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தால் வளர்ந்த இந்தியக் கம்பனிகளின் மாத்திரைகள் இலங்கைக் கடைகளை நிறைத்தன. சென்னையில் 1983இல் தோன்றிய அப்பலோ, 2002இல் கொழும்பில் பெரிய வைத்தியசாலையைத் திறந்து, சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டுச் சென்றது. இக்காலத்தின் பெரும்பகுதியில் வன்னி யுத்தத்தில் இருந்தது. 1990க்குப் பின் வடக்கே போன சரக்குகளின் மீது விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளில் சிலவகை மருந்துகளும் சிக்கின. 2008 ஆகஸ்ட் தொடக்கத்தில் வெள்ளாங்குளம் இராணுவத்தின் கைக்குப் போனபோது, ஊர் வெறிச்சோடியிருந்தது.

யுத்த காலத்திலும் மலேரியாத் தடுப்பு இயக்கத்து ஊழியர்கள் வேலையை முற்றாக விடவில்லை. 2012 ஒக்டோபருக்குப் பின் உள்நாட்டில் தொற்றிய நோயாளி எவரும் காணப்படாததால், 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. அவ்வாண்டு டிசெம்பரிலேயே மன்னாரின் கிணறுகளில், இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பின் குடம்பிகள் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டன. இன்று வெளிநாடுகளிலிருந்து காய்ச்சலோடு வருபவர் ஆண்டுக்கு ஐம்பது பேரளவே. ஐம்பது நோயாளிகளை நம்பி எந்த இறக்குமதியாளரும் மருந்து தருவிக்கமாட்டார். ஆகையால் மலேரியாவுக்குரிய மருந்தை அரசாங்கத்தின் அந்த இயக்கமே வாங்கி இருப்பு வைத்து, காலாவதியானதை அகற்றிப் புதியதை நிரப்பி, தனியார் வைத்தியசாலையிலிருந்து அழைப்பு வந்தாலும் இலவசமாகவே அனுப்பி வைக்கிறது.