பெயர் நம்ம கட்டுமரம்... ஓடுவது கரண்ட்டில்! இரட்டைப் படகு வயரிங், பேட்டரி, பராமரிப்பு: முழு விவரம்

ஆரணி:-

கமண்டல நாகநதியில் தண்ணீர் ஓடும் நாட்களை விரல் விட்டு எண்ணி விடலாம். அப்படிப்பட்ட ஆரணியில் கடல் படகைப் பற்றி என்ன பேச்சு என்கிறீர்களா? காரணம் இருக்குங்க.

தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்த அப்பாவின் பையன் இன்று ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீசியன் படிக்கிறான். வீட்டு வயரிங், இன்வெர்ட்டர், சோலார் என்று கூப்பிட்ட வேலைக்குப் போகிறான். அதே பேட்டரியும் அதே சோலார் தகடும்தான் இப்போது படகிலும் ஏறி இருக்கின்றன. ஆனால் வீட்டில் பழகிய கையோடு படகில் வயர் இழுத்தால் அங்கே போவது பியூஸ் மட்டும் இல்லை... உயிரும் போகும்! அதனால்தான் இந்தத் தகவல்கள்.

பெயர் மட்டும் நம்முடையது

இங்கிலீஷில் 'கேட்டமரான்' என்று சொல்கிறார்களே, அது நம்ம 'கட்டுமரம்' தான். 1697-ல் வெளிவந்த தன் பயணப் புத்தகத்தில் வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேயக் கடலோடி, சோழமண்டலக் கரையில் பார்த்த கட்டுமரத்தைப் பற்றி எழுதினார். அந்தப் பெயர் அப்படியே உலகம் முழுக்க ஒட்டிக் கொண்டது.

ஆனால் சரக்கு வேறு. நம்ம கட்டுமரம் என்பது எடை குறைந்த மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது. ஆணி கிடையாது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் காய வைப்பார்கள். காயாவிட்டால் மரம் தண்ணீர் குடித்துக் கனத்துப் போகும். அதுதான் அந்தக் காலத்துப் பராமரிப்பு!

இன்று கேட்டமரான் என்று விற்பது, இரண்டு ஒல்லியான படகுகளை நடுவில் ஒரு மேடை போட்டு இணைத்தது. இந்த யோசனை பசிபிக் தீவுக்காரர்களுடையது. 1876-ல் அமெரிக்காவில் நதானியல் ஹெரஷாப் என்பவர் 'அமரில்லிஸ்' என்ற இரட்டைப் பாய்மரப் படகு செய்து பந்தயத்தில் மற்ற படகுகளைத் திணற அடித்தார். இன்று குடும்பத்தோடு மாதக்கணக்கில் தங்கி ஊர் ஊராகப் போகிற மாதிரி, சமையல் அறை, படுக்கை அறை, பிரிட்ஜ் எல்லாம் வைத்து இதைக் கட்டுகிறார்கள்.

வைக்கத்தில் ஓடுது சோலார் படகு

வெளிநாட்டுப் பணக்காரர் சமாச்சாரம் என்று தள்ளி விடாதீர்கள். பெரியார் போராடிய அதே வைக்கத்தில், 2017 ஜனவரியில் 'ஆதித்யா' என்ற சோலார் படகு ஓட ஆரம்பித்தது. கேரள அரசு நீர்ப் போக்குவரத்துத் துறையின் பயணிகள் படகு அது. 75 பேர் உட்காரலாம். 20 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம். இதுவும் இரட்டைப் படகுதான். கூரையில் 20 கிலோவாட் சோலார் தகடு. உள்ளே 50 கிலோவாட் ஹவர் லித்தியம் பேட்டரி, அதாவது வீட்டு மீட்டர் கணக்கில் 50 யூனிட். ஓட்டுவது 20 கிலோவாட் மோட்டார் இரண்டு.

அடுத்து 2023 ஏப்ரலில் கொச்சி வாட்டர் மெட்ரோ தொடங்கியது. அதில் ஓடும் பேட்டரி படகுகளும் இரட்டைப் படகுகளே. ஆக, பேட்டரி தெரிந்தவனுக்குத் தண்ணீரிலும் வேலை இருக்கிறது. ஆனால் தொழிலின் சூட்சுமம் தெரிய வேண்டும்.

வீட்டு வயரிங் வேறு... படகு வயரிங் வேறு!

வீட்டில் வருவது 230 வோல்ட். தங்கும் படகுகளில் பெரும்பாலும் 12 வோல்ட். 'அட, 12 வோல்ட் தானே, ஷாக் அடிக்காதே' என்று அலட்சியம் வேண்டாம். ஷாக் அடிக்காது, தீப்பிடிக்கும்.

கணக்கைப் பாருங்கள். 60 வாட் சாமான் ஒன்று வீட்டில் கால் ஆம்பியர்தான் இழுக்கும். அதே 60 வாட் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். கரண்ட் கூடினால் வயர் தடிமனாக இருக்கணும். பேட்டரியில் இருந்து 10 மீட்டர் தள்ளி இருக்கும் அந்தச் சாமானுக்கு 2.5 சதுர மி.மீ. வயர் போட்டால், போக வர 20 மீட்டரில் முக்கால் வோல்ட் வழியிலேயே தொலைந்து விடும். 6 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.3 வோல்ட்தான். வழிகாட்டும் விளக்கு, வயர்லெஸ், பம்பு போன்ற முக்கியமான சாமான்களுக்கு இழப்பு 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது படகு வயரிங் விதி.

கவனிக்க வேண்டிய மற்ற விஷயங்கள்:

* ஒற்றைக் கம்பி வயர் ஆகவே ஆகாது. படகு ஆடிக்கொண்டே இருப்பதால் கம்பி முறிந்து விடும். பல இழை வயர்தான் போடணும். அதிலும் வெள்ளீயம் பூசிய செம்பு இழையாக இருந்தால் உப்புக்காற்றில் பச்சை பூத்துக் கெடாது.

* முறுக்கி டேப் சுற்றுகிற கதையே வேண்டாம். லக் வைத்து, அதற்கான கிரிம்பிங் கருவியால் அழுத்தி, மேலே சூட்டில் சுருங்கும் குழாய் போடணும். சால்டரை மட்டும் நம்பினால், இறுகிப் போன இடத்திலேயே அதிர்வில் ஒடியும்.

* பேட்டரி பிளஸ் முனையில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் மெயின் பியூஸ் இருக்கணும். பியூஸ் காப்பது சாமானை அல்ல, வயரை! நடுவில் எங்கோ வயர் உரசி ஷார்ட் ஆனால், பேட்டரி கொடுக்கிற கரண்ட்டில் வயர் பழுத்துச் சிவந்து விடும். பக்கத்தில் இருப்பதோ பைபர்... சொல்லவா வேண்டும்!

* 12 வோல்ட்டும் 230 வோல்ட்டும் ஒரே பெட்டியில் சேரக் கூடாது. 12 வோல்ட்டில் மைனஸ் கருப்பு. நம்ம ஊர் வயரிங்கில் நியூட்ரலும் கருப்பு. மாற்றிக் கை வைத்தால் அவ்வளவுதான். மைனசுக்கு மஞ்சள் வயர் போடுவது நல்லது.

* கரையில் நிற்கும்போது எடுக்கும் 230 வோல்ட் லைனுக்கு 30 மில்லி ஆம்பியரில் டிரிப் ஆகும் ஆர்.சி.சி.பி. கட்டாயம்.

பேட்டரி எவ்வளவு வேண்டும்?

'பெருசா ஒண்ணு வாங்கிப் போடு' என்பது கணக்கே இல்லை. ஒரு நாள் செலவை முதலில் எழுதுங்கள். தங்கும் படகு ஒன்றுக்கு மாதிரிக் கணக்கு இதோ:

பிரிட்ஜ்: 5 ஆம்பியர் x 10 மணி = 50
உள் விளக்கு: 1 x 4 = 4
ஜி.பி.எஸ். திரை: 1 x 10 = 10
வயர்லெஸ்: அரை x 10 = 5
தண்ணீர் பம்பு: 6 x அரை மணி = 3
நங்கூர விளக்கு: கால் x 12 = 3
செல்போன், லேப்டாப் சார்ஜ் = 10

மொத்தம் 85 ஆம்பியர் ஹவர். தானாகச் சுக்கான் பிடிக்கும் கருவி 10 மணி நேரம் ஓடினால் இன்னும் 40. ஆக 125.

சாதாரண லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் சீக்கிரம் செத்து விடும். எனவே 250 ஆம்பியர் ஹவர் வேண்டும். லித்தியம் என்றால் 80 சதவீதம் வரை எடுக்கலாம், 160 போதும். எடையும் மிச்சம். ஆனால் லித்தியத்துக்கு பி.எம்.எஸ். என்ற காவல்காரன் கட்டாயம் இருக்கணும். இன்ஜின் ஆல்டர்னேட்டரில் நேரடியாகக் கோர்த்தால் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும். நடுவில் அதற்கென்று உள்ள சார்ஜர் வேண்டும்.

400 வாட் சோலார் தகடு, நல்ல வெயிலில் 5 மணி நேரம் முழுசாக வேலை செய்வதாக வைத்து, கால் பங்கு இழப்பைக் கழித்தால் 1,500 வாட் ஹவர். 12-ஆல் வகுத்தால் 125. கணக்கு நேராகி விட்டது. மேகம் போட்டால்? அதற்குத்தான் இன்ஜின்.

லெட்-ஆசிட் பேட்டரியைச் சில மணி நேரம் சும்மா விட்டு மீட்டர் வைத்துப் பாருங்கள். 12.7 காட்டினால் முழுசு. 12.2 காட்டினால் பாதி. 11.8 என்றால் ஏறக்குறைய காலி. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். காற்றோட்டம் இல்லாத பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். இன்ஜின் ஸ்டார்ட் செய்யும் பேட்டரியைத் தனியாகவே வையுங்கள். ராத்திரி பூரா பிரிட்ஜ் ஓடி, காலையில் இன்ஜின் கிளம்பாவிட்டால் நடுக்கடலில் யார் தள்ளி விடுவது?

இரண்டு படகு... எல்லாமே இரண்டு!

இரட்டைப் படகில் பெரும்பாலும் பக்கத்துக்கு ஒரு இன்ஜின். ஒன்று கெட்டாலும் இன்னொன்று கரை சேர்க்கும். ஆனால் ஆயில், பில்டர், பெல்ட் செலவும் இரட்டிப்பு. அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்பும் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனியாக வேண்டும். ஒரு பக்கத்தில் தண்ணீர் ஏறுவது மறு பக்கத்தில் தூங்குபவனுக்குத் தெரியாது! இந்தப் பம்பை மெயின் சுவிட்சுக்கு முன்னாலேயே, தனி பியூஸ் வைத்து பேட்டரியில் கோர்ப்பார்கள். எல்லாவற்றையும் அணைத்து விட்டுப் போனாலும் மிதவை சுவிட்ச் தூக்கினால் பம்பு ஓடணும்.

பாரம் இன்னொரு விஷயம். ஒல்லியான படகு என்பதால் அளவுக்கு மேல் ஏற்றினால் சீக்கிரம் தாழும். அலை நடு மேடையின் அடியில் வந்து சம்மட்டி மாதிரி அடிக்கும். இரட்டைப் படகு லேசில் கவிழாது. கவிழ்ந்தால் தானாக நிமிரவும் நிமிராது. அதனால் காற்று ஏறும் முன்பே பாயைச் சுருக்கிக் கட்டணும்.

உப்புத்தண்ணீர் தின்னும் உலோகம்

உப்புத்தண்ணீரில் இரண்டு வேறு உலோகம் சேர்ந்து நின்றால் அதுவே ஒரு பேட்டரி ஆகி விடும். வலு குறைந்த உலோகம் கரையும். புரொப்பல்லரும் தண்டும் கரையாமல் இருக்க, ஒரு துத்தநாகத் துண்டை அதில் மாட்டுவார்கள். அது கரைந்து மற்றதைக் காப்பாற்றும். பாதி கரைந்ததும் மாற்றி விடணும். அதற்குப் பெயின்ட் மட்டும் அடித்து விடாதீர்கள். அடித்தால் வேலை செய்யாது.

அடிப்பாகத்தில் கொட்டலசு ஒட்டினால் வேகம் குறையும், டீசல் குடிக்கும். அதைத் தடுக்கும் தனிப் பெயின்டை ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையோ அடிக்கணும். கரையேற்றும்போதே பைபரில் கொப்பளம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டெயின்லெஸ் கம்பியில் ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் விடாதீர்கள். பாவில் இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு நெய்து விடலாம். இங்கே முடிச்சு கிடையாது, முழுக் கம்பியும் மாற்றணும். ஒரு இழை போனால் மற்றதும் பின்னாலேயே போகும்.

கேஸ், நங்கூரம்

சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது. வீட்டில் கசிந்தால் ஜன்னல், கதவைத் திறந்தால் வெளியே போகும். படகில் கசிந்தால் அடிப்பள்ளத்தில் போய்ப் படுத்துக் கொள்ளும். ஒரு சுவிட்ச் பொறி போதும். எனவே சிலிண்டருக்குத் தனி அறை, அதன் அடியில் கடலுக்குத் திறக்கும் ஓட்டை. சமைத்து முடித்ததும் சிலிண்டரிலேயே மூடணும்.

நங்கூரச் சங்கிலி ஆழத்தைப் போல் குறைந்தது 5 மடங்கு. 5 மீட்டர் ஆழம் என்றால் 25 மீட்டர். காற்று பலமாக இருந்தால் 7 மடங்கு. இரட்டைப் படகில் இரண்டு முனையில் இருந்தும் கயிறு எடுத்து 'வி' மாதிரி சங்கிலியில் சேர்ப்பார்கள். அப்போதுதான் படகு அலைபாயாமல் நிற்கும்.

உயிர் காக்கும் சாமான்

2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி புயல் யாருக்கும் மறக்காது. ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்ட மீனவர்கள் பலருக்கு எச்சரிக்கையே போய்ச் சேரவில்லை. செல்போன் சிக்னல் கரையோடு சரி. எனவே:

* ஆளுக்கு ஒரு லைப் ஜாக்கெட், போட்டிருக்கணும். மூட்டை கட்டி வைக்க அல்ல.
* விஎச்எப் வயர்லெஸ். ஆபத்துக்கு அழைக்க சேனல் 16.
* செயற்கைக்கோளுக்குச் சேதி அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் அபாயக் கருவி. பதிவு செய்து, பேட்டரி காலாவதி தேதி பார்க்கணும்.
* இரவில் இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை விளக்கு.
* தீயணைப்பான். கரண்ட் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.
* சிக்னல் கிடைக்கும் இடத்தில் கடலோரக் காவல்படை எண் 1554.

எப்போது எதைப் பார்க்கணும்?

கிளம்பும் முன்: பேட்டரி வோல்ட், இரண்டு பக்கப் பம்பு, விளக்கு, இன்ஜின் ஆயில், வானிலை.

மாதம் ஒருமுறை: பேட்டரி முனை இறுக்கம், பச்சை பூத்த லக், துத்தநாகத் துண்டு, கேஸ் டியூப்பில் சோப்புத் தண்ணீர்ச் சோதனை.

ஆண்டுக்கு ஒருமுறை: கரையேற்றிப் பெயின்ட், எல்லா வயர் இணைப்பும், கம்பி, பாய்த் தையல்.

10 ஆண்டு தாண்டினால்: பாய்மரக் கம்பிகளை நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் மாற்றி விடுவது நல்லது.

ஆரணியில் இருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரிக்குப் போய் குடும்பத்தோடு படகு ஏறுகிறீர்களா? லைப் ஜாக்கெட் எத்தனை இருக்கிறது என்று முதலில் எண்ணுங்கள். ஆளை விடக் குறைவாக இருந்தால், கொடுத்த காசு போனால் போகட்டும்... இறங்கி விடுங்கள்!