வருமானச் சான்றிதழும் உயிர் வாழும் உரிமையும்: தமிழ்நாட்டு மருத்துவக் காப்பீட்டின் தகுதி விதி

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனையின் ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடத்தில் யாரும் வருமானம் கேட்பதில்லை. பெயர், வயது, ஊர் சொன்னால் போதும். அதே நோயாளிக்கு இதய அறுவைச் சிகிச்சை என்று முடிவானதும் வேறொரு கேள்வி வருகிறது: “காப்பீட்டு அட்டை இருக்கா?” ஒரே வளாகத்துக்குள் இரண்டு தகுதி விதிகள். இவற்றில் இரண்டாவது விதி நியாயமற்றது. அதைவிட, அதன் சட்ட அடித்தளமே பலவீனமானது என்பது இக்கட்டுரையின் வாதம்.

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. அதன் இடத்தில் 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2018இல் அது மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைந்தது. இடையில் நெடுங்காலம் அசையாமல் நின்றது வருமான வரம்புதான்: குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.72,000. கணக்குப் போட்டால் முழுக் குடும்பத்துக்கும் நாளொன்றுக்கு 200 ரூபாய்கூட வராது. 2022இல் திட்டம் புதுப்பிக்கப்பட்டபோது வரம்பு ரூ.1,20,000 ஆயிற்று. நாளுக்கு 800 ரூபாய் கூலி வாங்கும் கொத்தனார் ஆண்டில் 200 நாள் வேலை பார்த்தாலே ரூ.1,60,000 ஆகிவிடும். அவர் ஏழையில்லை என்று எந்த ஊரில் சொல்வார்கள்?

பொதுப்பிரிவு ஏழைகளுக்கான பத்து விழுக்காடு இடஒதுக்கீட்டில் மத்திய அரசு 2019இல் வகுத்த வரம்பு எட்டு லட்சம். கல்விக்கும் வேலைக்கும் எட்டு லட்சம் வரை நலிவுற்றவர், அறுவைச் சிகிச்சைக்கு ஒரு லட்சத்து இருபதாயிரத்தைத் தாண்டினாலே வசதி படைத்தவர் என்பதை எந்தத் தர்க்கமும் தாங்காது.

கிராம நிர்வாக அலுவலர் அலுவலகத்தில் இந்த விதி எப்படி நடைமுறையாகிறது என்று பார்க்க வேண்டும். “வருசத்துக்கு எவ்வளவும்மா வரும்?” “வேலை இருந்தா உண்டுங்க, மழை புடிச்சா இல்லீங்க.” உண்மையான பதில் அதுதான். ஆனால் சான்றிதழுக்கு ஓர் எண் வேண்டும். அலுவலர் இரக்கப்பட்டால் வரம்புக்குள் ஓர் எண் விழும். கறாராக இருந்தால் குடும்பம் வெளியே நிற்கும். கூலிக் குடும்பத்தைப் பொய்யில் தள்ளுகிற விதி, பொய் சொல்லாதவரைத் தண்டிக்கிறது. ஓர் அதிகாரியின் மனநிலையைப் பொறுத்துக் கிடைப்பதை உரிமை என்று அழைக்க முடியாது.

வருமானத்தைக் காட்டிச் சிகிச்சையை மறுக்க அரசியலமைப்பு இடம் தருகிறதா? மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. 1996இல் அது தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், உரிய நேரத்தில் சிகிச்சை தராதது உயிர் வாழும் உரிமை தரும் 21ஆம் உறுப்பை மீறுவதாகும் என்று கூறி 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கியது. நிதி இல்லை என்று அரசு இக்கடமையிலிருந்து விலக முடியாது என்றும் சொன்னது. அவசர சிகிச்சைக்கான அந்தத் தீர்ப்பின் தர்க்கம், உயிர்காக்கும் பெரிய அறுவைச் சிகிச்சைக்கும் பொருந்தும்.

இருந்தும் நம் காப்பீட்டுத் திட்டம் நிற்பது சட்டமன்றம் இயற்றிய சட்டத்தின் மேல் அல்ல, அரசாணையின் மேல். குறைதீர்க்கும் குழுக்கள் உண்டு. அவையும் அத்திட்டத்துக்குள்ளேயே அடங்கியவை. இன்று தகுதியுடையவரை நாளை ஓர் ஆணை நீக்கலாம். மாறாக, ராஜஸ்தான் 2023இல் இயற்றிய நலவாழ்வு உரிமைச் சட்டம் மாநிலத்தில் வசிப்பவரை உரிமையாளராக்கியது. அந்தச் சட்டத்தின் செயலாக்கம் பற்றிய விவாதம் வேறு. தகுதிக்கு அது தேர்ந்த அளவுகோல் சரியானது.

வரம்பை எடுத்தால் செலவு கட்டுமீறும் என்பார்கள். ஆனால் சிலருக்கு அரசே அந்த வரம்பை எடுத்திருக்கிறது. எழுபது வயது கடந்தவர்களுக்கு வருமானம் பாராமல் காப்பீடு தர மத்திய அரசு 2024இல் முடிவெடுத்தது. நம் திட்டத்திலேயே முகாம்வாழ் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. வருமானத்தைக் கேட்காமலே தகுதியை நிர்ணயிக்க அரசுக்குத் தெரியும் என்பதற்கு இவையே சான்று.

ஆகவே சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்ற வேண்டும்: தமிழ்நாட்டில் வசிப்பதே தகுதி, மறுத்தால் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும், அந்த மறுப்பை எதிர்த்து, திட்டத்தை நடத்துவோர் அல்லாத ஓர் அமைப்பிடம் மேல்முறையீடு செய்ய வழி வேண்டும்.