எடையும் இடையும்

தமிழில் எடைக்கும் இடைக்கும் ஓர் எழுத்துதான் வேறுபாடு. ஆனால் மனித உடலை அளந்தறியும் முயற்சியின் வரலாற்றில் இவ்விரண்டுக்கும் நடுவே நெடுநாள் வழக்கு ஒன்று நடந்து வந்திருக்கிறது. அவ்வழக்கில் பெரும்பாலும் எடையே வென்றது. இடையின் பக்கம் நின்று பேசியவர்கள் பல காலம் கேட்பாரற்றுப் போனார்கள். அந்த வழக்கின் சில பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்கு எங்கள் வீட்டிலேயே ஒரு காரணம் உண்டு. எங்கள் தந்தையார் ரயில் பயணம் போகும்போதெல்லாம் நடைமேடையில் வண்ண விளக்குகள் மினுங்க நிற்கும் எடை பார்க்கும் இயந்திரத்தின் மீது ஏறுவார். காசு விழுந்ததும் ஓர் அட்டைச் சீட்டு வந்து விழும். அதில் எடை இருக்கும். கூடவே ஒரு பலனும் இருக்கும். பலனைப் படித்துச் சிரித்துவிட்டு, எடையைப் பார்த்துப் பெருமிதம் கொள்வார். திருமணமான காலத்தில் 62 கிலோ. ஐம்பதை நெருங்கியபோதும் 63 கிலோ. அதே ஆண்டுகளில் தெருமுனைத் தையற்காரர் அவருடைய கால்சட்டைகளின் இடுப்பை மும்முறை பிரித்துத் தைத்துக் கொடுத்திருந்தார். "இடுப்புல இன்னும் ஒரு இஞ்சு விடட்டுங்களா சார்?" என்று அவர் கேட்டது எங்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. சீட்டை நம்பினோம், தையற்காரரின் கேள்வியைப் பொருட்படுத்தவில்லை. தந்தையாருக்கு 52 வயதில் சர்க்கரை நோய் கண்டபோது, ஒல்லியான மனிதருக்கு இது எப்படி வந்தது என்று வீடே திகைத்தது.

*

உடலை முறையாக எடைபோட்டுப் பார்த்தவர்களுள் முதலில் நினைவுக்கு வருபவர் இத்தாலிய மருத்துவர் சாந்தோரியோ. பெரியதொரு தராசில் நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் அமர்ந்து தம்மையும் தாம் உண்டதையும் கழித்ததையும் பல்லாண்டுகள் நிறுத்துப் பார்த்தார். 1614இல் அம்முடிவுகளை நூலாக வெளியிட்டார். உடலுக்குள் போவதற்கும் வெளியே வருவதற்கும் கணக்கு நேராகவில்லை. மீதி கண்ணுக்குத் தெரியாத வியர்வையாக வெளியேறுகிறது என்றார். அவர் தேடியது மெலிவை அன்று, உடலின் வரவுசெலவை.

எடை என்பது அடிப்படையில் சந்தைச் சொல். 'எடு' என்னும் வினையிலிருந்து பிறந்தது. பொருளைத் தூக்கிப் பார்த்து விலை சொல்லும் இடத்தில் அது வாழ்ந்தது. லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் இன்றும் இருக்கும் ஒரு மதுக்கடையில், காப்பிக்கொட்டை மூட்டைகளை நிறுக்க வைத்திருந்த பெருந்தராசில் 1765 முதல் வாடிக்கையாளர்களையும் நிறுத்துப் பேரேட்டில் எழுதி வைத்தார்கள். உடல் பருத்துவிடுமோ என்ற அச்சத்திலேயே வாழ்ந்த கவிஞர் பைரனின் எடையும் அப்பேரேட்டில் இருக்கிறது. மூட்டைக்குரிய அளவு மனிதனுக்கும் பொருந்தும் என்ற எண்ணம் இவ்வாறு வேடிக்கையாகவே நுழைந்தது.

இடையை அளந்தவர்களோ தையற்காரர்கள். இஞ்சு குறித்த நாடா 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஐரோப்பியத் தையற்கடைகளில் பரவியது. அதற்கு முன், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனியே ஒரு நீண்ட தாள் துண்டை வைத்து, மார்பு வரும் இடத்தில் ஒரு வெட்டு, இடை வரும் இடத்தில் ஒரு வெட்டு என அடையாளமிட்டுக்கொண்டார்கள். அத்தாளில் எண் கிடையாது. அதை இன்னொருவர் தாளோடு ஒப்பிட வேண்டிய தேவையும் இல்லை. அவரவர் உடலுக்கு அவரவர் தாளே அளவுகோல். நம் ஊர்களில் குழந்தைக்குக் கட்டும் அரைஞாண் கயிறும் அளப்பதற்காகக் கட்டுவதன்று. எனினும் கயிறு இறுகினால் பிள்ளை தேறிவிட்டது என்பதைப் பாட்டிமார் அறிந்துகொள்வார்கள். சங்கப் புலவர்கள் நுசுப்பு என்றும் மருங்குல் என்றும் இடைக்குப் பல பெயர் வைத்துப் பாடினார்கள். அவர்களுள் எவரும் தலைவியின் எடையைப் பாடியதில்லை.

*

எடையும் இடையும் ஒரே ஏட்டில் அருகருகே அமர்ந்த அரிய தருணம் 1863இல் நேர்ந்தது. வில்லியம் பான்டிங் லண்டனில் அரச குடும்பத்தாரின் இறுதிச் சடங்குகளை ஏற்று நடத்திய தொழிலதிபர். உயரம் 5 அடி 5 அங்குலம். 1862 ஆகஸ்டில், 66ஆம் வயதில், அவர் எடை 202 பவுண்டு. குனிந்து காலணிக் கயிற்றைக் கட்ட முடியவில்லை. மாடிப்படியில் பின்புறமாகவே இறங்க வேண்டியிருந்தது. படகு வலித்தார், நீராவிக் குளியல் எடுத்தார், ஒன்றும் பலிக்கவில்லை. செவி மங்கியதால் வில்லியம் ஹார்வி என்ற காது மருத்துவரிடம் போனார். ஹார்வி பாரிஸில் கிளாட் பெர்னார், ஈரலையும் நீரிழிவையும் பற்றி ஆற்றிய உரைகளைக் கேட்டுத் திரும்பியிருந்தவர். ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விலக்கச் சொன்னார்.

அடுத்த ஓராண்டின் அனுபவத்தைப் பான்டிங் சிறு வெளியீடாக அச்சிட்டு முதலில் இலவசமாகவே வழங்கினார். எடை 46 பவுண்டு குறைந்தது என்று எழுதியவர், சுற்றளவு 12¼ அங்குலம் குறைந்தது என்றும் தவறாமல் எழுதினார். அவர் பெயரே உணவைக் குறைத்து மெலிவதற்கான வினைச்சொல்லாயிற்று. ஸ்வீடிய மொழியில் இன்றும் அது வழங்குகிறது. ஆனால் அவர் தந்த இரண்டு எண்களில் உலகம் பெரிதும் கைக்கொண்டது முதலாவதையே. மாடிப்படியில் முன்புறமாக இறங்கத் தொடங்கிய மனிதருக்கு இரண்டாவது எண்தான் நெருக்கமானதாக இருந்திருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது.

*

எடை வென்றதற்குக் காரணம் மருத்துவம் மட்டுமன்று, நிறுவனங்களின் வசதியும்தான். பெல்ஜிய வானியலாளர் கெட்லே 1830களில், வளர்ந்த மனிதரின் எடை உயரத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப அமைகிறது என்று கண்டார். அவர் தேடியது 'சராசரி மனிதனை', பருமனை அன்று. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு, யார் விரைவில் இறப்பார் என்பதைக் கணிக்க எளியதோர் அளவு தேவைப்பட்டது. மெட்ரோபாலிட்டன் லைஃப் நிறுவனம் 1942-43இல் 'இலட்சிய எடை' அட்டவணைகளை வெளியிட்டது. சிறிய, நடுத்தர, பெரிய உடற்கட்டு என்று மூன்று வகை வகுத்தது. தன் உடற்கட்டு எது என்று ஒருவர் அறிந்துகொள்ளும் வழியை மட்டும் வகுக்கவில்லை. 1972இல் ஆன்செல் கீஸும் அவர் குழுவினரும் 7,400க்கும் மேற்பட்ட ஆண்களின் தரவுகளை ஆராய்ந்து, கெட்லேயின் பழைய வாய்பாட்டுக்கு உடல் நிறை குறியீட்டெண் என்று பெயர் சூட்டினார்கள். அவர்கள் ஆராய்ந்தவர்களுள் பெண்கள் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

இதற்கிடையே 1947இல் மார்செய் நகர மருத்துவர் ழான் வாக் வேறொரு கேள்வியை எழுப்பியிருந்தார். கொழுப்பு எவ்வளவு என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பதே முக்கியமல்லவா? உடலின் மேற்பகுதியில் கொழுப்புச் சேர்ந்தவர்களுக்கு நீரிழிவும் இரத்தக்குழாய் நோயும் மிகுதியாக வருவதையும், இடுப்புக்குக் கீழே சேர்ந்தவர்களுக்கு அவ்வாறு வராததையும் அவர் கவனித்தார். தோல் மடிப்புகளையும் கைகால்களின் சுற்றளவுகளையும் அளந்து தம் கூற்றை நிறுவ முயன்றார். பல்லாண்டுகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு.

1984இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரிலிருந்து இரண்டு ஆய்வுகள் வந்தன. 792 ஆண்களை 13 ஆண்டுகளும், 1,462 பெண்களை 12 ஆண்டுகளும் பின்தொடர்ந்து பார்த்ததில், இடைச் சுற்றளவுக்கும் பிட்டச் சுற்றளவுக்கும் உள்ள விகிதம் மாரடைப்பு ஆபத்தோடு தொடர்புடையது என்று தெரிந்தது. சாதாரண நாடாவால் அளந்த எண் அது. கிளாஸ்கோவின் மைக்கேல் லீன் குழுவினர் 1995இல் விகிதத்தையும் விட்டுவிட்டு, இடையின் சுற்றளவு ஒன்றே எச்சரிக்கைக்குப் போதும் என்று எழுதினார்கள்.

*

நம் தந்தைமாரின் கதை 2004இல்தான் அச்சேறியது. 'லான்செட்' இதழில் இரண்டு மருத்துவர்களின் புகைப்படம் வெளிவந்தது. ஒருவர் புணேயின் யாஜ்னிக். மற்றவர் லண்டனின் யூட்கின். இருவருக்கும் உடல் நிறை குறியீட்டெண் ஒன்றே: 22.3. ஆனால் உடற்கொழுப்பு யூட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. முன்னவர் நெடுந்தொலைவு ஓடுபவர். பின்னவரின் ஓட்டம், மருத்துவமனை மின்தூக்கியின் கதவு மூடுவதற்குள் போய்ச் சேரும் ஓட்டம் என்று அவர்களே நகைத்துக்கொண்டார்கள். கையும் காலும் மெலிந்து, வயிற்றுக்குள் கொழுப்புச் சேர்ந்த இந்திய உடலை எடைப்பொறி பார்க்கவில்லை என்பதே அப்படத்தின் பொருள். 2005இல் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு, தெற்காசியர்களுக்கு இடைச் சுற்றளவின் எல்லையை ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என வகுத்தது. ஐரோப்பிய ஆணுக்கு அது 94 செ.மீ.

எங்கள் வீட்டில் கதையின் இரண்டாம் பகுதி எஞ்சியிருந்தது. நோய் கண்டபின் தந்தையார் காலையும் மாலையும் நடந்தார். சோற்றின் அளவைக் குறைத்தார். நான்கு மாதங்களில் எடை 2 கிலோதான் இறங்கியது. இவ்வளவு பாடுபட்டும் பயனில்லை என்று ஒருநாள் நடையை நிறுத்திவிட்டார். அவரை மீண்டும் செருப்பணிய வைத்தது எடைப்பொறியன்று, இடுப்புவார். இரண்டு துளைகள் உள்ளே போயிருந்ததை அம்மாதான் முதலில் கவனித்தார்.

இது வீட்டு ஆறுதல் மட்டுமன்று. கனடாவின் ராபர்ட் ராஸ் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், பருமனான 52 ஆண்களுள் ஒரு பிரிவினர் மூன்று மாதம் உடற்பயிற்சி செய்தும் எடை குறையாதபடி உணவை ஈடுசெய்துகொண்டார்கள். எடை குறையவில்லை, வயிற்றுக்குள் இருந்த கொழுப்பு குறைந்தது. இதன் மறுபுறமும் உண்டு. உணவைச் சட்டென்று குறைத்த முதல் வாரத்தில் தசையிலும் ஈரலிலும் உள்ள சர்க்கரைச் சேமிப்பு கரைகிறது. அதோடு பிணைந்த நீரும் வெளியேறுகிறது. எடைப்பொறி வெற்றி என்கிறது. கொழுப்போ பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எடை கூட்டுத்தொகை மட்டுமே; எது போயிற்று, எங்கிருந்து போயிற்று என்று அது சொல்வதில்லை.

நாடாவும் பிழையற்றதன்று. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சை விட்டபின், தோலை இறுக்காமல் சுற்றிப் பார்க்க வேண்டும். இழுத்துப் பிடித்தால் ஓரிரு செ.மீ. எளிதில் 'குறைந்துவிடும்'. அன்றாடம் அளப்பதில் பொருளில்லை; இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே இடத்தில், அதே வேளையில் அளந்தால் போதும். இடை, உயரத்தில் பாதிக்கும் குறைவாக இருக்கட்டும் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி 2022இல் சொன்னது. உயர அளவுக்கு ஒரு கயிற்றை வெட்டி இரண்டாக மடித்து இடையில் சுற்றிப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்; எண்ணே தேவையில்லை. பருமனை உடல் நிறை குறியீட்டெண் ஒன்றைக் கொண்டு முடிவு செய்யலாகாது, இடையளவு போன்ற வேறோர் அளவும் வேண்டும் என்று 2025 ஜனவரியில் பன்னாட்டு வல்லுநர் குழுவும் பரிந்துரைத்தது.

வழக்கில் இடை வென்றுவிட்டது என்று மகிழ்வதற்குமுன் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். ஜப்பானில் 2008 முதல் 40 வயதிலிருந்து 74 வயது வரையுள்ளவர்களின் இடையை ஆண்டுதோறும் அளக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எல்லை ஆண்களுக்கு 85 செ.மீ., பெண்களுக்கு 90 செ.மீ. நாடாவும் ஆளுவோர் கைக்குப் போனால் இன்னொரு தராசாகிவிடும். பழைய தையற்காரரின் எண்ணற்ற தாளில் இருந்த நியாயம் வேறு. அது ஒருவரை ஊராரோடு ஒப்பிடவில்லை. நேற்றைய அவரோடு மட்டுமே ஒப்பிட்டது.

தந்தையாரின் பழைய இடுப்புவார் எங்களிடம் இருக்கிறது. அதில் கடைக்காரர் இட்ட துளைகள் ஐந்து. பிற்காலத்தில் ஆணியால் அவரே இட்டுக்கொண்டவை இரண்டு. ரயில் நிலையச் சீட்டுகளில் ஒன்றையும் நாங்கள் வைத்திருக்கவில்லை.