நியூ ஹாம்ப்ஷயரில் தோற்றவர்

1968ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள நியூ ஹாம்ப்ஷயர் என்னும் சிறு மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தல் ஒன்று நடைபெற்றது. ஆட்சியிலிருந்த அதிபர் லிண்டன் ஜான்சன் 49.6 விழுக்காட்டு வாக்குகள் பெற்று முதலிடத்தில் நின்றார். அவரை எதிர்த்த செனட்டர் யூஜின் மெக்கார்த்தி ஏறத்தாழ 42 விழுக்காடு பெற்று இரண்டாம் இடத்தில் நின்றார். கணக்குப்படி தோற்றவர் மெக்கார்த்தி. ஆயினும் அன்றிரவே செய்தியாளர்கள் அவரையே வென்றவராகப் பேசத் தொடங்கிவிட்டனர். பத்தொன்பது நாள் கழித்து, முதலிடம் பெற்ற அதிபரோ தாம் மறுபடியும் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார்.

இந்த விந்தையை விளங்கிக்கொள்ள, அந்நாட்டுத் தேர்தல் முறையைச் சற்றே அறிந்திருத்தல் வேண்டும். அதிபர் தேர்தல் நடப்பது நவம்பரில். அதற்கு முன்னர் ஒவ்வொரு கட்சியும் கோடையில் பேராளர் மாநாடு கூட்டித் தன் வேட்பாளரைத் தெரிந்தெடுக்கும். மாநாட்டுக்குச் செல்லும் பேராளர்கள் யார் என்பதில் கட்சி வாக்காளர்களின் விருப்பத்தைக் கேட்டறியும் தேர்தலே ‘பிரைமரி’ எனப்படும் முதனிலைத் தேர்தல். ஆனால், 1968இல் இத்தேர்தல் சில மாநிலங்களில் மட்டுமே இருந்தது. பெரும்பாலான மாநிலங்களில் ஆளுநர்களும் மாநகரத் தலைவர்களும் கட்சிப் பெரியவர்களும் தங்களுக்குள் கலந்து பேசியே பேராளர்களை அனுப்பி வைத்தனர். தேர்தல் நடந்த இடங்களிலும் அதன் முடிவு பேராளர்களைக் கட்டுப்படுத்தும் என்பதற்கு எங்கும் உறுதி இல்லை. இதனை நினைவில் இருத்திக்கொள்வது நல்லது. வரலாற்றின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

ஜான்சன் எளிய எதிரி அல்லர். 1964ஆம் ஆண்டுத் தேர்தலில் 61 விழுக்காட்டு வாக்குகளைப் பெற்றவர். கறுப்பின மக்களுக்கு உரிமை வழங்கிய 1964, 1965ஆம் ஆண்டுச் சட்டங்களும், முதியோர் மருத்துவக் காப்புறுதியும் அவர் காலத்தவை. 1966 அக்டோபரில் அவர் மலேசியாவுக்கு வந்து பார்த்துச் சென்ற, நெகிரி செம்பிலான் லாபு வட்டாரத்துப் பெல்டா நிலக் குடியேற்றம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இத்தகைய மனிதரின் புகழை வியட்நாம் போர் அரித்துத் தின்றது. 1968இன் தொடக்கத்தில் அங்கிருந்த அமெரிக்கப் படைவீரர்களின் எண்ணிக்கை ஐந்து இலட்சத்தை நெருங்கியிருந்தது.

போரை வெறுத்தவர்கள் ஜனநாயகக் கட்சிக்குள்ளேயே பலர் இருந்தனர். எனினும் பதவியிலுள்ள தம் கட்சி அதிபரை எதிர்த்து நிற்க எவரும் துணியவில்லை. அலார்ட் லோவென்ஸ்டைன் என்னும் வழக்கறிஞர் 1967ஆம் ஆண்டு முழுவதும் ஒரு வேட்பாளரைத் தேடி அலைந்தார். ராபர்ட் கென்னடியைக் கேட்டார், அவர் மறுத்தார். தெற்கு டகோட்டா மாநிலத்துச் செனட்டர் ஜார்ஜ் மெக்கவர்னைக் கேட்டார், அவரும் மறுத்தார். இந்த மெக்கவர்னின் பெயர் மீண்டும் வரும். இறுதியில் இசைந்தவர், மின்னசோட்டா மாநிலத்துச் செனட்டரான யூஜின் மெக்கார்த்தி. 1967 நவம்பர் 30ஆம் நாள் தம் போட்டியை அவர் அறிவித்தார்.

பெயரைக் கேட்டதும், 1950களில் பொதுவுடைமையரை வேட்டையாடிய ஜோசப் மெக்கார்த்தியோடு இவரை நாம் குழப்பிக்கொள்ளலாகாது. இவர் ஆசிரியராய் இருந்தவர், பொருளியலும் சமூகவியலும் கற்பித்தவர், இளமையில் சில மாதங்கள் துறவியர் மடத்தில் வாழ்ந்தவர், கவிதையும் எழுதியவர். ராபர்ட் லோவல் என்னும் புகழ்பெற்ற கவிஞர் பரப்புரைப் பயணங்களில் அவருக்குத் துணையாகச் சென்றார். மேடையில் மெக்கார்த்தி முழங்கமாட்டார். கூட்டம் கொந்தளிக்கும் நேரத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்வார். அவருடைய சோம்பலும் ஒட்டாத தன்மையும் உடன் உழைத்தவர்களையே வெறுப்படையச் செய்தன. 1964இல் வியட்நாமில் படைவலியைப் பயன்படுத்த அதிபருக்கு இசைவளித்த தொங்கின் வளைகுடாத் தீர்மானத்துக்கு இவரும் வாக்களித்தவரே. மாசற்ற வீரர் என்று இவரைப் போற்றுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

வேட்பாளர் சோர்ந்திருந்தாலும் அவருக்காக வந்த மாணவர்கள் சோரவில்லை. பல பல்கலைக்கழகங்களிலிருந்தும் அவர்கள் பேருந்துகளில் வந்து குவிந்தனர். தேவாலயக் கூடங்களிலும் ஆதரவாளர் வீடுகளின் நிலவறைகளிலும் படுத்துறங்கினர். நீண்ட தலைமுடியோடும் தாடியோடும் வந்தவர்கள், ஊர்ப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்களே என்று எண்ணி மழித்துக்கொண்டனர். அதற்கு உடன்படாதவர்களுக்கு உள்ளறைகளில் உறையொட்டும் வேலை தரப்பட்டது. பனியில் நடந்து வீடுவீடாகக் கதவைத் தட்டிய அவர்கள், தாமாகப் பேசுவதினும் வீட்டுக்காரர் சொல்வதைப் பொறுமையோடு கேட்டனர். அவர்களில் பலருக்கு வாக்குரிமையே கிடையாது. வாக்களிக்கும் வயது அந்நாளில் 21. போருக்கு அனுப்பப்படும் வயதோ 18.

எதிரணியின் பிழைகளும் கைகொடுத்தன. ஜான்சனின் பெயர் வாக்குச்சீட்டில் அச்சிடப்படவில்லை. அவரை விரும்புவோர் தம் கையால் எழுதவேண்டியிருந்தது. ஆகவே கட்சிக்காரர்கள் எண்ணிட்ட உறுதிமொழி அட்டைகளை அச்சிட்டனர். மூன்று பகுதிகள் கொண்ட அந்த அட்டையில் ஒன்று வாக்காளரிடம் இருக்கும். ஒன்று கட்சி அலுவலகத்திற்குச் செல்லும். ஒன்று வெள்ளை மாளிகைக்குச் செல்லும். தன்மானம் மிக்க அம்மக்களுக்கு இது உறுத்தியது. இரகசிய வாக்குரிமை எங்கே போயிற்று என்று மெக்கார்த்தி அணியினர் கேட்டனர். மெக்கார்த்திக்கு விழும் வாக்கு ஹனோயை மகிழ்விக்கும் என்று மாநில ஆளுநர் தரப்பு பேசியது. அதுவும் பலரை எரிச்சலுறச் செய்தது.

இவற்றுக்கிடையே, சனவரி இறுதியில் சந்திரப் புத்தாண்டை ஒட்டி வியட்நாமில் பெருந்தாக்குதல் மூண்டது. சைகோனிலிருந்த அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள்ளேயே எதிரிகள் புகுந்தனர். போர் முடியும் தறுவாயில் இருக்கிறது என்று அதுவரை சொல்லப்பட்ட பேச்சை மக்கள் தொலைக்காட்சியில் பார்த்த காட்சி பொய்யாக்கிற்று. வாக்களிப்புக்கு இரண்டு நாள் முன்பு, தளபதி வெஸ்ட்மோர்லண்ட் மேலும் 2,06,000 வீரர்களைக் கேட்டிருக்கிறார் என்ற செய்தி ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் வெளிவந்தது.

முடிவை முன்னரே பார்த்தோம். பேராளர் இடங்களிலோ மெக்கார்த்தியின் வெற்றி ஐயத்துக்கு இடமில்லாதது. மொத்தம் 24 இடங்களில் அவர் அணி 20 இடங்களைப் பிடித்தது. ஜான்சன் தரப்பில் இடங்களைவிட மிகுதியானோர் போட்டியிட்டு வாக்குகளைச் சிதறடித்ததே இதற்குக் காரணம். குடியரசுக் கட்சியினர் தம் சீட்டுகளில் எழுதித் தந்த பெயர்களையும் கூட்டினால் இருவருக்கும் இடையே சில நூறு வாக்குகளே வேறுபாடு.

இவ்வாக்குகள் எல்லாம் அமைதிக்காக விழுந்தவை என்று கருதுவது பிழை. பின்னர் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, அங்கு மெக்கார்த்திக்கு வாக்களித்தவர்களுள் போரை இன்னும் கடுமையாக நடத்தவேண்டும் என்று எண்ணியோரே மிகுதி என்று தெரியவந்தது. அவர்கள் ஜான்சனிடம் சலித்துப் போனவர்கள். மாற்று எவராயினும் சரி என்றிருந்தவர்கள். இது மாணவர்களின் உழைப்பைச் சிறுமைப்படுத்தும் என்று நான் கருதவில்லை. சலிப்பு நாடெங்கும் இருந்தது. அதை வாக்காக மாற்றிக் காட்ட ஒருவர் நிற்கவேண்டியிருந்தது.

நிகழ்ச்சிகள் பின்னர் விரைந்தன. மார்ச் 16ஆம் நாள் ராபர்ட் கென்னடி களத்தில் இறங்கினார். பனியில் நடந்த மாணவர்களுக்கு, விளைந்தபின் அறுக்க வந்தவராகவே அவர் தோன்றினார். மார்ச் 31ஆம் நாள் ஜான்சன் விலகினார். விஸ்கான்சினில் மெக்கார்த்தி 56 விழுக்காடு பெற்றார், ஓரிகனில் கென்னடியையே வென்றார், கலிபோர்னியாவில் தோற்றார். அன்றிரவு வெற்றியுரை முடித்துத் திரும்பிய கென்னடி சுடப்பட்டு, ஜூன் 6ஆம் நாள் உயிர் நீத்தார்.

ஆனால், நம் வரலாற்றுக்கு இவற்றினும் முக்கியமானது பென்சில்வேனியா. ஏப்ரல் 23ஆம் நாள் அங்கே மெக்கார்த்தி 71 விழுக்காட்டு வாக்குகளைப் பெற்றார். இவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகும் அம்மாநிலப் பேராளர்களில் மிகப் பெரும்பாலோர் துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரியையே ஆதரித்தனர். ஹம்ஃப்ரியோ எந்த முதனிலைத் தேர்தலிலும் நேராகப் போட்டியிட்டவர் அல்லர். நியூ ஹாம்ப்ஷயரில் தோல்வி ஓர் அதிபரை வீழ்த்தியது. பென்சில்வேனியாவில் மாபெரும் வெற்றி ஒன்றையும் அசைக்கவில்லை. முதலாவது, மக்கள் எதிர்பார்ப்பின் கண்கொண்டு எண்ணப்பட்டது. இரண்டாவது, விதியின் கண்கொண்டு எண்ணப்பட்டது.

ஆகஸ்டு மாதம் சிகாகோவில் மாநாடு கூடியது. அமைதித் தீர்மானம் தோற்றது. ஹம்ஃப்ரி ஏறத்தாழ 1,760 பேராளர்களின் வாக்குகளைப் பெற்றார். மெக்கார்த்திக்குக் கிடைத்தவை 601. வெளியே தெருக்களில், மாநகரத் தலைவர் ரிச்சர்டு டேலியின் காவலர்கள் இளைஞர்களைத் தடியால் அடித்து நொறுக்குவதை நாடே தொலைக்காட்சியில் கண்டது. நவம்பரில் ஹம்ஃப்ரி சிறு வேறுபாட்டில் ரிச்சர்டு நிக்சனிடம் தோற்றார்.

அந்தக் கொந்தளிப்பான மாநாட்டில், பேராளர் தேர்வு முறையைச் சீர்திருத்த வேண்டும் என்ற தீர்மானம் ஒன்று அவ்வளவாகக் கவனிக்கப்படாமல் நிறைவேறியிருந்தது. அதன்படி 1969இல் ஒரு குழு அமைந்தது. அதற்குத் தலைவரானவர், முன்பு லோவென்ஸ்டைனிடம் ‘இயலாது’ என்று சொன்ன ஜார்ஜ் மெக்கவர்ன். பேராளர் தேர்வு திறந்த வெளியில், முன்கூட்டி எழுதப்பட்ட விதிகளின்படி, தேர்தல் ஆண்டிலேயே நடைபெற வேண்டும். பெண்களும் இளைஞர்களும் சிறுபான்மையரும் நியாயமான அளவில் இடம்பெற வேண்டும் என்று அக்குழு வகுத்தது. புதிய விதிகளுக்கு ஏற்ப நடப்பதற்கு முதனிலைத் தேர்தலே எளிய வழி என்று கண்ட மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அம்முறையை மேற்கொண்டன. 1971இல் வாக்குரிமை வயதும் 18 ஆயிற்று.

அந்த விதிகளின்கீழ் 1972இல் மெக்கவர்னே போட்டியிட்டார். அவரும் நியூ ஹாம்ப்ஷயரில் இரண்டாமிடத்துக்கே வந்தார். 37 விழுக்காடு பெற்றார். இம்முறை தொடர்ந்து பெற்ற வெற்றிகள் பேராளர் எண்ணிக்கையாகவே திரண்டன. கட்சிப் பெரியவர்கள் பலர் விரும்பாத அவர், மயாமி பீச் மாநாட்டில் வேட்பாளரானார். நவம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தையும் தலைநகர் வாஷிங்டனையும் தவிர மற்ற எல்லா இடங்களிலும் அவர் நிக்சனிடம் தோற்றார் என்பதும் வரலாறே. ஆயினும் மயாமி பீச்சில், புதிய விதிகளை மீறித் தெரிந்தெடுக்கப்பட்டனர் என்று கூறி 59 சிகாகோ பேராளர்கள் மாநாட்டிலிருந்து நீக்கப்பட்டனர். நான்காண்டுகளுக்கு முன் சிகாகோ மாநாட்டை ஆட்டிப்படைத்த ரிச்சர்டு டேலியும் அவர்களுள் ஒருவர்.